வன்னி ஊர் வரலாறு: முதலில் பழைய புகைப்படங்களா, அரசாங்கப் பதிவுகளா?

இலங்கையின் வடக்கே வன்னியில் ஊர் வரலாறு எழுதப் புறப்படும் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 1900களின் தொடக்கத்தை அறிய எதை முதலில் தேடுவது?

செலவு:
படம் – ஒரு ஸ்கானரும் வீடு வீடாகப் போகும் பொறுமையும் போதும்.
பதிவு – கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் வரை போக வேண்டும்.

தகவல்:
பதிவு – 1901, 1911, 1921 குடிசன மதிப்பீடுகள், உதவி அரசாங்க அதிபர்களின் (ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டத்தை நிர்வகித்த அதிகாரிகள்) ஆண்டறிக்கைகள். குளத் திருத்தம், மலேரியா, விளைச்சல் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஆங்கிலத்தில், அதிகாரியின் பார்வையில். குளக்கட்டுக்கு மண் சுமந்தவரின் பெயரை அங்கே தேடாதீர்கள்.
படம் – முகம், உடை, நகை, வீட்டு முற்றம். பெயரை மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

நிலைப்பு:
பதிவு – ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது.
படம் – இடம்பெயர்வுகளில் எத்தனையோ ஆல்பங்கள் போய்விட்டன. தப்பியதைத் தயவுசெய்து லாமினேட் பண்ணாதீர்கள். சூடும் பசையும் படத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கான் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய ஊர்ப்பெயரோ அங்கேதான் இருக்கும்.

குளம், காணி, சனத்தொகை பற்றி எழுதுவோருக்குப் பதிவுதான் சரி. குடும்பம், கோயில், பள்ளிக்கூடம் என்றால் படம். இரண்டும் வேண்டுமென்றால் படத்திலிருந்தே தொடங்குங்கள். பதிவு அடுத்த வருடமும் இருக்கும். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய அம்மம்மாவிடம் இந்த மாதமே போய்க் கேளுங்கள்.