சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆய்வுக்குக் காசு: குளம் கட்டுவதா, வாரத்துக்கு விடுவதா?

"அண்ணே, அப்பாட திவசத்துக்கு அன்னதானம் குடுக்கிற காசை இந்த முறை ஆராய்ச்சிக்குக் குடுப்பமா? எங்க குடுத்தா நல்லமெண்டு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று ரொறன்ரோவிலிருந்து தம்பி கேட்டான். அவனுடைய பேத்திக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: நுரையீரலில் தடித்த சளி அடைக்கும், வியர்வையில் உப்பு மிகும் பரம்பரை நோய். பிள்ளையின் நெற்றியில் கொஞ்சினால் உதட்டில் உப்புக் கரிக்கும். நான் மட்டக்களப்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். வீட்டில் இப்படிப்பட்ட கேள்வி எல்லாம் என் தலையில்தான் விழும்.

காசு போகக்கூடிய வழிகளைக் கொப்பியில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயல்தான் ஞாபகம் வந்தது. அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு போடியாருக்கு, அதாவது பெரிய வயற்காரருக்கு, வயல் வேலையைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரராக இருந்தவர்.

முதல் வழி அரசு மானியம். இது குளம் மாதிரி. எங்கள் பக்கத்துப் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தை எந்தப் போடியாரும் தன் காசில் கட்டியிருக்க முடியாது. கட்டி முடிந்தால் தண்ணீர் எல்லா வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) பாயும். இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1989இல் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் கொலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. சுய் வேலை செய்தது தம்பி இருக்கும் அதே ரொறன்ரோவில், சிறுவர் வைத்தியசாலையில். அந்த ஆய்வில் அரசுப் பணமும் தொண்டுப் பணமும் கலந்திருந்தன. முடிவு வெளியானதும் உலகில் எவரும் எடுத்து மேலே ஆராயலாம் என்றானது. ஆனால் குளம் நிரம்பிவிட்டால் மட்டும் நெல் விளையாது. மரபணுக் கோளாற்றையே குறிவைத்த முதல் மருந்து வர 2012 ஆகிவிட்டது.

இரண்டாவது, தொண்டு அமைப்பு தானே இறங்கி விதைப்பது. பிரித்தானியாவில் லண்டன் இம்பீரியல், ஒக்ஸ்போர்ட், எடின்பரோ ஆய்வாளர்களைச் சேர்த்து மரபணுச் சிகிச்சைக்கு அங்குள்ள நோயாளர் அறக்கட்டளை காசு போட்டது. பிறகு அரசு நிதியும் வந்தது. 2015இல் வெளியான முடிவில், சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிட 3.7 சதவீதம்தான் மேலாக நின்றது. விளைச்சல் குறைவு. யாரையும் குறை சொல்ல முடியாது, மழை அப்படி.

மூன்றாவதுதான் என்னை நித்திரை கொள்ள விடாதது: வாரத்துக்கு விடுவது, அதாவது விளைச்சலில் பங்கு பேசி வயலை இன்னொருவரிடம் கொடுப்பது. பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து 1955இல் தொடங்கிய அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை, 2000ஆம் ஆண்டளவில் துணிந்து ஒரு காரியம் செய்தது. அரோரா என்ற தனியார் கம்பனிக்கு விதை நெல் கொடுப்பதுபோல் ஆய்வுப் பணம் கொடுத்தது. மருந்து வந்தால் விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தம். அரோராவை 2001இல் வேர்டெக்ஸ் வாங்கியது. அறக்கட்டளை போட்டது மொத்தம் சுமார் 15 கோடி டொலர். 2012இல் வேர்டெக்ஸின் கலைடெக்கோ வந்தது, நான் மேலே சொன்ன அந்த முதல் மருந்து. 2014இல் தன் பங்கை 330 கோடி டொலருக்கு அறக்கட்டளை விற்றது. ஒன்று போட்டு இருபத்திரண்டு அறுத்த கணக்கு! 2019இல் அதே கம்பனியின் ட்ரைகாஃப்டா என்ற மருந்து வந்தபின், இளவயதில் சாகவேண்டியிருந்த பிள்ளைகள் படிப்பு, கலியாணம் என்று திட்டம் போடத் தொடங்கினார்கள். தம்பியின் பேத்தியும் அதைத்தான் குடிக்கிறாள்.

ஆனால் விலை? அமெரிக்காவில் ட்ரைகாஃப்டா வந்தபோது ஆண்டுக்கு 3,11,000 டொலர். விலை வைக்கும் உரிமை முழுதும் கம்பனியின் கையில். பிரித்தானியப் பெற்றோர் சிலர் இதே கம்பனியின் இன்னொரு மருந்துக்குப் பதிலாக, ஆர்ஜென்டினாவில் தயாரான மாற்று மருந்தை வாங்கக் கூட்டாகக் கிளம்ப வேண்டி வந்தது. அப்பா விதைப்புக்கு முன்னமே விதை யார், உரம் யார், களவெட்டியில் (சூடு மிதிக்கும் களத்தில்) பங்கு எத்தனைக்கு எத்தனை என்று சாட்சி வைத்துப் பேசிவிடுவார். இந்த ஒப்பந்தத்தில் நெல்லின் பங்கைப் பேசினார்கள், சோற்றின் விலையைப் பேசவில்லை. நான் அறக்கட்டளையில் இருந்திருந்தாலும் அந்தச் சந்தோசத்தில் இதை மறந்திருப்பேனோ என்னவோ.

நான்காவது வழியை யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன்: எங்கள் ஆட்களிடம் இந்த நோயைத் தேடுவது. இந்த மரபணுவில் 2000க்கு மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பியரிடம் மிகுதியான மாற்றத்தை வைத்தே பெரும்பாலான மருந்து ஆய்வு நடந்தது. தெற்காசியரிடம் அந்த மாற்றத்தின் பங்கு குறைவு. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் நோய், ஆகவே மச்சான், மச்சாள் கலியாணம் நிறைந்த எங்கள் பக்கத்தில் தேடிப் பார்க்க நியாயம் உண்டு. என் வேலைக்காலத்தில், எடை ஏறாத, விடாமல் இருமும் பிள்ளை வந்தால் கை முதலில் போவது காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குத்தான். வியர்வைச் சோதனையை ஒருதரமும் செய்ததில்லை. அதொன்றும் பெரிய வித்தையில்லை: முன்கையில் பைலோகார்பின் வைத்துச் சிறு மின்னோட்டம் கொடுத்து, அரை மணிநேரம் வியர்வையைச் சேர்த்துக் குளோரைட்டை அளப்பது. லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் என்று கொள்ளலாம்.

330 கோடி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் காசு கடலில் கரைத்த உப்பு. அதனால் தம்பிக்கு நாலாவதைச் சொன்னேன்: எங்கள் ஆட்களின் மரபணு மாற்றங்களைத் தேடும் ஒரு ஆய்வு மாணவனுக்கு, இரசாயனச் செலவுக்காவது. அவன் சரியென்றான். பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்கினா.

"ஆராய்ச்சிக்கும் குடுங்க மனே. ஆனா சோத்தை நிப்பாட்டாதீங்க, உங்கட அப்பா பசி பொறுக்கமாட்டார்."

பாதிப் பாதி என்று முடிவாயிற்று.