சிடி எழுத சிடிரெக்கார்டா, வோடிமா, சோரிசோவா?

பழைய புகைப்படங்களும் ஸ்கேன் செய்த ஆவணங்களுமாக என்னிடம் நாற்பது சிடிகள் இருந்தன. போன மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஆறு தட்டுகள் பாதியிலேயே திணறி நின்றன. எல்லாவற்றையும் புதிய தட்டுகளில் எழுதி வைப்பதென்று முடிவு செய்து, அலமாரியில் கிடந்த ரைட்டரை லினக்ஸ் கணினியில் மறுபடியும் பொருத்தினேன். பொருத்துவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. எந்த நிரலை வைத்து எழுதுவது என்று தெளிவதற்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. சிடிரெக்கார்ட், வோடிம், சோரிசோ மூன்றிலும் தட்டுகள் எழுதிப் பார்த்துவிட்டுச் சோரிசோவில் நின்றுவிட்டேன்.

டிரைவை அமைப்பது இப்போது ஒரு வேலையே இல்லை. லினக்ஸின் மையமான கெர்னல் 2.4 பதிப்பில் இருந்த காலத்தில் சிடி எழுதியவர்களுக்கு அந்தப் பாடு நினைவிருக்கும். ஐடிஇ என்ற இணைப்பு வகை ரைட்டரை, ஸ்கஸி என்ற வேறு வகை டிரைவ் போலக் காட்டினால்தான் எழுத முடியும். அதற்குப் பூட் லோடரில் 'எச்டிசி=ஐடிஇ-ஸ்கஸி' என்று ஒரு வரி சேர்த்து, எஸ்ஜி மாட்யூலை ஏற்றி, 'சிடிரெக்கார்ட் -ஸ்கேன்பஸ்' கொடுத்து, அது காட்டும் 0,0,0 போன்ற மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2.6 வந்த பிறகு அந்த வேடம் தேவைப்படவில்லை. இன்று சாட்டா டிரைவோ யூஎஸ்பி டிரைவோ, செருகியதும் டெவ் அடைவுக்குள் எஸ்ஆர்0 என்று வந்து உட்கார்ந்துவிடும். வரவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை வெளியீட்டின் கடைசி வரிகளில் காரணம் இருக்கும். மெல்லிய யூஎஸ்பி டிரைவாக இருந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். படிக்கும்போது நன்றாக ஓடிவிட்டு, எழுதத் தொடங்கியதும் காணாமல் போவது அதன் அறிகுறி.

அடுத்து அனுமதி. மூன்று நிரல்களின் குணமும் இங்கேயே வேறுபடத் தொடங்குகிறது. உங்கள் பயனரை டெபியனில் சிடிரோம் குழுவிலும், ஆர்ச்சில் ஆப்டிகல் குழுவிலும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் புதிய குழு உறைக்காது. சோரிசோவுக்கு இவ்வளவே போதும். எஸ்ஆர்0 கோப்பைப் படிக்கவும் எழுதவும் அனுமதி இருந்தால் வேலை செய்கிறது. சிடிரெக்கார்ட் இன்னும் கேட்கும். நினைவகத்தைப் பூட்டி வைக்க வேண்டும், நிகழ்நேர முன்னுரிமை வேண்டும் என்பதற்காக ரூட் உரிமையோடு, அதாவது நிர்வாகியின் முழு உரிமையோடு, ஓடும்படி நிறுவச் சொல்லும். போதாததற்கு, 2.6.8 கெர்னலில் வந்த கட்டளை வடிகட்டி ரூட் அல்லாதவர் டிரைவுக்கு அனுப்பும் சில ஸ்கஸி கட்டளைகளைத் தடுத்துவிட்டது. அன்று பலருடைய அமைப்பு ஒரே அப்டேட்டில் நின்று போனது. இப்போது செட்கேப் என்ற கட்டளையை வைத்து அந்த உரிமைகளை மட்டும் தனியாகக் கொடுக்கலாம். ஆனால் பேக்கேஜ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த உரிமை அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு நாலு முறை மட்டும் சிடி எழுதுகிற எனக்கு அது எப்போதும் மறந்துவிடும்.

இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் தேர்வு கொஞ்சம் எளிதாகும். யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிஆர்டூல்ஸ் தொகுப்பின் இதயம்தான் சிடிரெக்கார்ட். நீண்ட காலத்துக்கு லினக்ஸ், பிஎஸ்டி, சோலாரிஸ் எல்லாவற்றிலும் சிடி எழுதுவது என்றாலே அதுதான். 2006-இல் அதன் பெரும்பகுதியின் உரிமத்தை அவர் ஜிபிஎல்-இலிருந்து சிடிடிஎல்-க்கு மாற்றினார். இரண்டு உரிமங்களும் ஒரே நிரலில் சேர்ந்து இருக்க முடியாது என்பது டெபியன் ஆட்களின் வாதம், முடியும் என்பது அவருடைய வாதம். கடைசியில் டெபியன், உரிமம் மாறுவதற்கு முந்தைய பதிப்பை எடுத்து சிடிஆர்கிட் என்று தனியாகப் பிரித்துக்கொண்டது. அதில் சிடிரெக்கார்டுக்கு வைத்த பெயர்தான் வோடிம். கோப்புகளைச் சேர்த்துச் சிடியில் எழுதத் தயாரான ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக, ஆக்கும் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ், ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் ஆனது. ஷில்லிங் 2021 அக்டோபரில் காலமாகும் வரை தன் நிரலைத் தொடர்ந்து செப்பனிட்டு வந்தார். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. டிரைவ்களின் கோணல்களை அவர் அளவுக்கு அறிந்து எழுதியவர்கள் மிகச் சிலரே.

சோரிசோ இந்தச் சண்டைக்கு வெளியே வளர்ந்தது. தாமஸ் ஷ்மிட் பராமரிக்கும் லிப்பர்னியா திட்டத்தின் நிரல் அது. பழைய தொகுப்பின் குறியீட்டை எடுத்துக்கொள்ளாமல் லிப்பர்ன், லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ் என்ற தனி நூலகங்களின் மேல் கட்டப்பட்டது. டெபியன் தன்னுடைய நிறுவல் சிடி இமேஜ்களை உருவாக்குவதும் இதை வைத்துத்தான்.

வோடிமைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாதாரண சிடியில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது இமேஜை, எழுத அது இன்றும் போதும். என் கையில் அது எழுதிய நான்கு தட்டுகளும் நன்றாகவே வந்தன. ஆனால் சிடிஆர்கிட்டின் கடைசி வெளியீடு 1.1.11, அதுவும் 2010-இல் வந்தது. டிவிடியில் ஒருமுறை முயன்றேன், தட்டு வீணானது. ஒரே முறைதான் என்பதால் பழியை நிரல் மேல் முழுதாகப் போட மாட்டேன். புதிதாகத் தொடங்கும் ஒருவர் வோடிமைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கே3பி, பிரசெரோ போன்ற ஜன்னல் நிரல்கள் உள்ளே இந்தக் கருவிகளில் ஒன்றையோ அதன் நூலகத்தையோ அழைப்பவைதான். கே3பி எனக்குப் பிடிக்கும், மவுஸ் வைத்தே எல்லாம் முடிந்துவிடும். அதற்கும் அடியில் எது இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் திரும்பி வருவீர்கள். வேகம், பஃபர் வற்றுவது (எழுதும் வேகத்துக்குத் தரவு வந்து சேராமல் போவது) போன்றவற்றில் மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. வற்றினாலும் தட்டு வீணாகாமல் காக்கும் பர்ன்ஃப்ரீ வசதி டிரைவிலேயே இருக்கிறது.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று. எழுதிய தட்டைப் பிற்பாடு எப்படிச் சோதிப்பது?

எழுதி முடித்ததும் 'வெற்றி' என்று எல்லா நிரல்களும்தான் சொல்கின்றன. திணறிய அந்த ஆறு தட்டுகளும் எழுதிய அன்று அப்படித்தான் சொன்னவை. சிடி காப்பகம் வைத்திருப்பவருக்கு வேண்டியது, ஐந்து வருடம் கழித்து ஒரு தட்டைப் போட்டு, 'இதில் அன்று எழுதியது அப்படியே இருக்கிறதா?' என்று கேட்டால் நம்பகமான பதில். சிடிரெக்கார்ட் வழியில் அந்தப் பதிலை நாமே தயாரித்து வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பின் எம்டி5 எண்ணை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்ணை) கணக்கிட்டு எங்காவது எழுதி வைத்து, பின்னால் டிடி கட்டளையால் தட்டை முழுதும் படித்து ஒப்பிட வேண்டும்.

நான் அப்படித்தான் செய்தேன், முதல் தட்டிலேயே எண் பொருந்தவில்லை. கடைசியில் உள்ளீட்டுப் பிழை என்று வேறு வந்தது. தட்டு கெட்டது என்று ஒதுக்கி இன்னொன்று எழுதினேன், அதுவும் அப்படியே. மூன்றாவதில்தான் விஷயம் பிடிபட்டது. சிடியை டிஏஓ முறையில், அதாவது டிராக் டிராக்காக எழுதும்போது, டிராக்கின் முடிவில் இரண்டு வெற்றுத் தொகுதிகள் (பிளாக்குகள்) விழும். அவற்றைத் தரவாகப் படிக்க முடியாது. ஆனால் டிராக்கின் நீளத்தில் அவையும் சேர்ந்துதான் கணக்காகும். கெர்னல் முன்கூட்டியே படித்துவைக்கும் பழக்கத்தில் அந்த இரண்டில் போய் முட்டி, அவற்றுக்கு முன்னால் இருக்கும் நல்ல தொகுதிகளையும் சேர்த்துப் பிழை என்று திருப்பிவிடுகிறது. எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் இமேஜின் கடைசியில் 150 தொகுதிகளை, அதாவது 300 கேபியை, வெறுமையாகச் சேர்ப்பது இந்த இடிக்குத் தலையணை வைக்கத்தான். முட்டினாலும் அந்த வெறுமைதான் அடிபடும், உங்கள் கோப்புகள் தப்பிக்கும்.

சிடிரெக்கார்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. எஸ்ஏஓ முறையில், அதாவது ஒரு செஷனை (ஒரு தடவையில் எழுதும் பகுதியை) முழுதாக ஒரே மூச்சில் எழுதினால் அந்த இரண்டு தொகுதிகள் வருவதில்லை. டிஏஓ-விலேயே எழுதினாலும், ஐஎஸ்ஓஇன்ஃபோ கட்டளை காட்டும் தொகுதி எண்ணிக்கையை எடுத்து, 2048 பைட் அளவில் அத்தனை தொகுதிகளை மட்டும் டிடி படிக்கும்படி சொல்லலாம். ஆனால் இதையெல்லாம் நான் நினைவில் வைத்திருக்க வேண்டும், எழுதி வைத்த எம்டி5 எண் தொலையாமலும் இருக்க வேண்டும். தட்டு ஒரு டப்பாவிலும் எண் வேறெங்கோ ஒரு கோப்பிலும் கிடந்தால், பத்து வருடத்தில் எது எதற்கு உரியது என்று யாருக்குத் தெரியும்?

சோரிசோ அந்த எண்ணைத் தட்டுக்குள்ளேயே எழுதுகிறது. 'ஃபார்_பேக்கப்' என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும். முழு செஷனுக்கும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 கணக்கிட்டு இமேஜோடு சேர்த்துப் பதிந்துவிடும். கோப்புகளின் அணுகல் அனுமதிப் பட்டியல்களும் ஹார்ட் லிங்குகளும்கூடக் கூடவே வரும். பிறகு எந்தக் கணினியில் தட்டைப் போட்டாலும் 'செக்_மீடியா' கொடுத்தால் ஆரம்பம் முதல் கடைசி வரை படித்து, எந்தப் பகுதி பொருந்துகிறது, எது மெதுவாகப் படிக்கிறது, எது படிக்கவே முடியவில்லை என்று தொகுதி எண்ணோடு பட்டியல் தருகிறது. என்னைக் குழப்பிய அந்த இரண்டு தொகுதிகளை 'டிஏஓ_எண்ட்' என்று தனிப் பெயரிட்டே காட்டுகிறது. அதைப் பார்த்த அன்றுதான் என் இரண்டு வாரத் தயக்கம் தீர்ந்தது. ஒதுக்கி வைத்த இரண்டு தட்டுகளும் நல்லவைதான் என்பதும் அப்போது உறுதியானது.

பராமரிப்பில் இன்னொரு லாபமும் உண்டு. புதிய படங்கள் சேரும்போது பழைய வழியில் 'எம்எஸ்இன்ஃபோ' கேட்டு, இரண்டு எண்களை வாங்கி, எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்-க்குக் கொடுத்து, அதன் இமேஜை மறுபடி சிடிரெக்கார்டுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணில் ஒரு தவறு நேர்ந்தால் பழைய செஷனின் கோப்புகள் கண்ணில் படாமல் போய்விடும். சோரிசோவில் அடைவைக் காட்டி 'அப்டேட்_ஆர்' சொன்னால், மாறியவற்றை மட்டும் கண்டுபிடித்து அடுத்த செஷனாக எழுதிவிடும். முந்தைய செஷனை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் அதைத் தனியாக மவுன்ட் செய்யும் கட்டளையையும் அதுவே எழுதித் தரும்.

குறை இல்லாமல் இல்லை. சோரிசோவின் கையேடு மிக நீளம், முதல் நாள் பயமுறுத்தும். விருப்பங்களைக் கொடுத்த வரிசையிலேயே அது செயல்படுத்தும், வரிசை மாறினால் விளைவும் மாறும். 'ஃபார்_பேக்கப்'பை டிரைவின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பழைய ஸ்கிரிப்டுகள் இருந்தால் '-ஆஸ் சிடிரெக்கார்ட்', '-ஆஸ் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்' என்று தொடங்கி அவற்றின் மொழியிலேயே பேசவும் செய்கிறது. அப்புறம், தட்டைப் போட்டதும் டெஸ்க்டாப் தானாக மவுன்ட் செய்துவிட்டால் டிரைவ் வேலையாக இருக்கிறது என்று சோரிசோ மறுக்கும். அன்மவுன்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாட்டுச் சிடி எழுதுவதானால் என் பரிந்துரை மாறும். சோரிசோ ஆடியோ சிடி எழுதாது. அதே திட்டத்தின் சிடிஆர்ஸ்கின் எழுதும், ஆனால் நான் அதில் எழுதியது ஒரே ஒரு தட்டு. அது நன்றாக வந்தது என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். பாட்டுகளுக்கு இடையே இடைவெளி, சிடியில் தலைப்பு எழுத்துகள் என்று நுணுக்கமாகப் பார்ப்பவருக்குச் சிடிரெக்கார்ட்தான். ரூட் உரிமை வேலையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிஎஸ்டி பக்கம் என் அனுபவம் குறைவு. ஃப்ரீபிஎஸ்டி இருக்கும் ஒரு கணினியில் ஐந்தாறு தட்டுகள் எழுதியதுதான். அங்கே முன்பு பர்ன்சிடி என்ற நிரல் அமைப்போடு வந்தது, டிரைவ் ஏசிடி0 என்று இருக்கும். 9.0 பதிப்பில் ஐடிஇ டிரைவ்களும் ஸ்கஸி டிரைவ்களைக் கவனிக்கும் கேம் என்ற அடுக்குக்குள் வந்ததும் பெயர் சிடி0 ஆனது, பர்ன்சிடியின் காலமும் முடிந்தது. இப்போது 'கேம்கண்ட்ரோல் டெவ்லிஸ்ட்' கொடுத்தால் டிரைவின் பெயரோடு பாஸ் எண்ணும் தெரியும். சோரிசோ அங்கேயும் ஓடுகிறது. சிடி0-க்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, எக்ஸ்பிடி0-க்கும் அந்தப் பாஸ் சாதனத்துக்கும் சாதன அனுமதிகளைக் கவனிக்கும் டெவ்எஃப்எஸ் அமைப்பில் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு மாலைப் பொழுது அதிலேயே போனது. ஓபன்பிஎஸ்டியில் சிடிஐஓ என்ற அடிப்படை நிரலே இமேஜை எழுதிவிடும். ஒரு தட்டு மட்டும் எழுதினால் போதும் என்பவர் அங்கே வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

திணறிய ஆறு தட்டுகளுக்கும் சோரிசோவையே பயன்படுத்தினேன். அவற்றுக்குள் எம்டி5 இல்லை, ஆனாலும் 'செக்_மீடியா' படிக்க முடிந்த தொகுதிகளை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும், எவை கிடைத்தன என்று ஒரு வரைபடக் கோப்பும் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கிடைக்காதவற்றை மட்டும் முயலும். அதனால் அதே தட்டை வேறு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. இரண்டு டிரைவ்களை மாற்றி மாற்றிப் போட்டதில் ஐந்து தட்டுகள் முழுதாக மீண்டுவிட்டன. ஆறாவதில் இன்னும் 212 தொகுதிகள் பாக்கி. வரைபடக் கோப்பை வைத்திருக்கிறேன், மூன்றாவது டிரைவ் ஒன்று கிடைத்ததும் அதிலும் போட்டுப் பார்ப்பேன்.