மகளிர் உரிமைத் தொகை: பணம் ஒழுங்காக வருகிறது, மீட்டரில்தான் சிக்குகிறது

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் முதலில் பாராட்ட வேண்டியது, பணம் போய்ச் சேரும் இடம். மாதம் 1,000 ரூபாய் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. எதற்குச் செலவழித்தீர்கள் என்று கேட்பாரில்லை. தொடங்கும்போதே சுமார் 1.06 கோடிப் பேருக்கு இப்படிப் போட்டது சாதாரணக் காரியமல்ல. 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று பெயர் வைத்ததும் சரிதான்.

விண்ணப்பமும் எளிமையாகவே இருந்தது. ரேஷன் கடை வாரியாக டோக்கன், முகாமில் விரல்ரேகை. ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில், பாஸ்புக் போதும். வருமானச் சான்று, பட்டா எதுவும் இணைக்க வேண்டியதில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள். கார் இருந்தால் கிடையாது. ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான்.

இடிக்கிற இடம் மின்சார விதி. வீட்டுக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்றால், இரண்டு மாத பில்லில் சராசரி 600. தனி மீட்டர் உள்ள ஏழைக் குடும்பம் இதைத் தாண்டாது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் கணக்கு மாறிவிடும். இரண்டு மாதத்துக்குக் குடித்தனத்துக்கு 210 யூனிட் என்றாலும் பில்லில் 630, ஆண்டுக்கு 3,780. மூன்று வீட்டாரும் அந்த ஒரே இணைப்பு எண்ணை எழுதிக் கொடுத்தால் மூவரும் விளிம்பைத் தாண்டியவர்கள் ஆகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களை இப்படித் தள்ளுவது அநியாயம். மேல்முறையீட்டில் ஒரே முகவரியில் உள்ள மற்ற குடும்பங்களின் ரேஷன் கார்டு நகலையும், வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். "எனக்குத் தகுதி இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் பார்க்கும் அதிகாரிக்குப் பிடி கிடைக்காது.

மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்கினால் மருமகள் விண்ணப்பிக்க முடியாது என்ற விதியை 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தினார்கள். நல்ல திருத்தம்.

அடுத்தது வங்கி. ஆதார் வழியாகப் பணம் போட்டால், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தோமோ அதில்தான் விழும். இரண்டு பாஸ்புக் வைத்திருப்பவர்கள் பணம் வரவில்லை என்று பதறுவதற்கு முன், மைஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். முதல் மாதமே மினிமம் பேலன்ஸ் அபராதம் என்று சில வங்கிகள் இந்தப் பணத்தில் கைவைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்தார். மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத ஜன்தன் போன்ற கணக்கே இதற்குப் பாதுகாப்பு.

தொகையில் ஒரு குறை. விலைவாசி ஏறினால் தானாக ஏறும் ஏற்பாட்டைத் தொடக்க விதிகளில் வைக்கவில்லை. அரிசி, கேஸ் விலை ஏற ஏற ஆண்டுக்கு 12,000 ரூபாய் தேய்ந்துகொண்டே போகும். அகவிலைப்படி மாதிரி ஒன்றை இதிலும் சேர்த்திருக்க வேண்டும்.

முதல் சுற்றில் நிராகரித்தவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். அது வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. செல்போன் மகன் கையிலோ கணவர் கையிலோ இருக்கும் வீடுகளில் அந்தச் செய்தியைப் பார்க்காமலேயே கெடு முடிந்துவிடும். நிராகரிப்புப் பட்டியலைக் காரணத்தோடு ரேஷன் கடை வாசலிலும் ஒட்ட வேண்டும்.