9 அடி அலைப் பலகை: முனை குத்துவது குறைந்தது, ஆட்டம் கூடியது

முன்பு என்னிடம் இருந்தது 10 அடி 6 அங்குலக் காற்றடைத்த பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை). அமைதியான தண்ணீரில் அருமை. அலை பின்புறத்தைத் தூக்கினால் மட்டும் முன்முனை நேராகத் தண்ணீருக்குள் குத்திவிடும். அந்த வகைப் பலகைகள் பெரும்பாலும் தட்டையாக இருப்பதுதான் காரணம்.

இப்போது வாங்கியதும் பேடில்போர்டுதான், ஆனால் அலைக்கானது: 9 அடி, 30 அங்குல அகலம், காற்றடைக்காத கெட்டியான எபாக்ஸி (ஒருவகைப் பிசின்) பலகை. முனை நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது. செங்குத்தான அலையின் அடிவாரத்தில் வித்தியாசம் தெரியும்: பழையது நட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் இது வழுக்கி வெளியே வந்துவிடுகிறது.

அதற்காகப் பலகையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கால்களை இணையாக வைத்தே நின்றால் இதுவும் குத்தும். அலை தூக்கும் நொடியில் ஒரு காலைப் பின்னால் எடுத்து எடையை அதில் போட வேண்டும். சீக்கிரமே எடுத்தால் வால் அமுங்கி வேகம் செத்துவிடும், அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். நேராக இறங்காமல் சற்றுச் சாய்வாக இறங்கினால் இன்னும் நல்லது. வால் பக்கம் ஒட்டியுள்ள பட்டையின் மேடு காலுக்கே தட்டுப்படுவதால், கால் எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் குறைகள். தட்டையான தண்ணீரில் மந்தம், துடுப்பு நிறையப் போட வேண்டும். அலைக்காகக் காத்து நிற்கும்போது ஆடிக்கொண்டே இருக்கும். எடை கூடியவர்கள் பலகையின் லிட்டர் கொள்ளளவைப் (எவ்வளவு எடையை மிதக்க வைக்கும் என்பது அதைப் பொறுத்தது) பார்த்து வாங்குங்கள். கூடவே தந்த கால்கயிறு (பலகையைக் காலோடு கட்டும் கயிறு) 8 அடிதான். பலகை நீளத்துக்காவது இருக்க வேண்டாமா? வேறு மாற்றிவிட்டேன்.