முகப்பு ஒன்று, உள்ளே வேறொன்று: பழைய கணினிக்கு டிவிடி ரைட்டர் வாங்குகிறவர்கள் கவனத்திற்கு

பழைய கணினியில் பழுதான டிவிடி ரைட்டரை மாற்றப் போகிறவர்கள், டிரைவின் முகப்பில் அச்சிட்டிருக்கும் சின்னங்களை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். திருச்சியில் ஒரு கணினி உதிரிபாகக் கடையில், ஏற்கெனவே உழைத்து ஓய்ந்த ஒரு டிரைவுக்கு வேறொரு டிரைவின் முகப்பை மாட்டி, புத்தம் புதியது என்று சொல்லி என்னிடம் விற்றார்கள்.

காரைக்குடிப் பக்கம் சிறிய வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். டேப்பிலிருந்து படத்தை இறக்கும் கேப்சர் கார்டு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான் ஓடும் என்பதால் அந்தப் பழைய கணினியை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். அதன் மதர்போர்டில் சாட்டா என்ற புதிய வகை இணைப்பு கிடையாது. 40 பின் கொண்ட ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான். அதிலிருந்த ரைட்டர் உயிரை விட்ட சமயத்தில்தான் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவருடைய வளைகாப்பில் அவர் அம்மா பாடியதை நாங்கள் பதிவு செய்திருந்தோம். அம்மா இப்போது இல்லை. அந்தப் பதிவின் மூலப் பிரதி டிவிடி ராம் என்ற தனி வகை டிஸ்க்கில் இருக்கிறது. அந்தக் காலத்து பானாசோனிக் ரெக்கார்டர்கள் அதில் பதியும்.

வெளித்தோற்றத்தில் எல்லா டிவிடியும் ஒன்றுபோல இருப்பதுதான் கடைக்காரர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. எழுதக்கூடிய டிவிடிகளில் மைனஸ் ஆர் (DVD-R) வகையை ஒரு கூட்டமைப்பு கொண்டுவந்தது, பிளஸ் ஆர் (DVD+R) வகையை அதற்குப் போட்டியாக இன்னொரு கூட்டமைப்பு 2002இல் கொண்டுவந்தது. இரண்டுமே 4.7 ஜிபிதான், ஆனால் டிரைவுக்கு வழிகாட்டும் அடையாளங்கள் டிஸ்க்கில் வெவ்வேறு விதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதனால் ஆரம்பகால ரைட்டர்கள் ஒன்றை எழுதும், மற்றதைத் தொடாது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க் 2004இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய டிரைவுகளுக்கு அதை எழுதத் தெரியாது. டிவிடி ராம் முற்றிலும் தனி இனம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடிப்பக்கம் முழுவதும் குட்டிக் குட்டிக் கோடுகள் வரிசையாகத் தெரியும். அவை ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்தையும் காட்டும் பொறிப்புகள். அதைப் படிப்பதற்கென்றே வடிவமைத்த டிரைவாக இருந்தால்தான் படிக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். "தம்பி, ஐடிஇ வேண்டும், டிவிடி ராம் கட்டாயம் படிக்க வேண்டும்" என்றேன். "அண்ணே, இது சூப்பர் மல்டி. எந்த டிஸ்க் போட்டாலும் ஓடும், புது ஸ்டாக்" என்று எடுத்து வைத்தார். சூப்பர் மல்டி என்றால் மைனஸ், பிளஸ், ராம் மூன்றும் ஆகும் என்று பொருள். முகப்பில் ராம் சின்னமும் பளிச்சென்று இருந்தது. 1,800 ரூபாய் கேட்டார்கள். கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னதற்கு, ஐடிஇ கணினி அங்கே இல்லை என்றார்கள். பில்லில் "ஐடிஇ சூப்பர் மல்டி, புதியது" என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஸ்டுடியோவில் மாட்டியதும் குட்டு வெளிப்பட்டது. ராம் டிஸ்க்கைப் போட்டால் சற்று நேரம் சுற்றிவிட்டு, டிஸ்க்கே இல்லை என்றது. இணைந்திருக்கும் பாகங்களைக் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் முகப்பில் இருக்கும் பெயர் ஒன்று, அங்கே காட்டும் மாடல் எண் வேறு. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் டிரைவின் திறன் பட்டியலைத் திறந்தேன்: ராம் படிக்காது, இரட்டை அடுக்கு எழுதாது. கழற்றி, மேலே ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினேன். அடியில் உண்மையான லேபிள் இருந்தது. தயாரித்த ஆண்டு 2003. அவசரத்துக்குத் தட்டை வெளியே இழுக்க முகப்பில் ஓர் ஊசித் துளை இருக்குமே, அதில் கம்பியை விட்டால் உள்ளே வெறும் தகட்டில் போய் முட்டியது. வேறொரு மாடலின் முகப்பு என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மைனஸ் ஆர் எழுதுவதாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. இப்போது கிடைக்கும் 16 எக்ஸ் வேக டிஸ்க்குகளின் தயாரிப்புக் குறியீடு அதன் ஃபர்ம்வேருக்கு, அதாவது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு, தெரியவில்லை. சிலவற்றை மறுத்தது, எழுதிக் கொடுத்தவை வீட்டு பிளேயரில் பாதியில் உறைந்து நின்றன.

திருப்பிக் கொண்டுபோனேன். முதலில் "உங்கள் டிஸ்க் பழசு" என்றார்கள். பிறகு, 300 ரூபாய் கொடுத்தால் ஃபர்ம்வேர் மாற்றித் தருகிறோம், ராம் படிக்கும் என்றார்கள். மாடல் எண்ணையும் லேபிளையும் காட்டியதும் குரல் மாறிவிட்டது. பில்லின் அடியில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைச் சுட்டிக்காட்டி, வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த வரியைப் பார்த்துப் பலர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நான் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். பில், இரண்டு லேபிள்களின் படங்கள், திறன் பட்டியலின் படம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இதில் பின்வாங்கப் போவதில்லை.

வளைகாப்புப் பதிவு பிழைத்துவிட்டது. தேவகோட்டையில் தொழில் நண்பர் ஒருவரிடம் ராம் படிக்கும் பழைய டிரைவ் இருந்தது; அங்கேயே படியெடுத்து, ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாகக் கொடுத்தேன்.

ஐடிஇ டிரைவ் வாங்கியே ஆக வேண்டும் என்றால், உங்கள் டிஸ்க்கையே எடுத்துப்போய்க் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றும் மடிக்கணினியும் கையில் இருந்தால், கணினி இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. மேல் லேபிளுக்கு மேலே வேறு ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரித்துப் பாருங்கள். ஊசித் துளையில் ஒரு கம்பியை விட்டும் பாருங்கள். நான் கடைசியாக அந்தக் கடைக்குப் போனபோது, அதே முகப்பு மாட்டிய டிரைவுகள் கண்ணாடி அலமாரியில் இன்னும் அடுக்கியிருந்தன.