அமெரிக்காவில் விமான டிக்கெட்: 24 மணி நேர ரத்து உரிமை, 5க்கு 4

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுக்கும்போது ஏஜென்ட் தளத்தில் முப்பது நாற்பது டாலர் குறைவாகக் காட்டினாலும், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதே மேல். அங்கே 24 மணி நேர ரத்து உரிமை சட்டப்படி கிடைக்கிறது. ஏஜென்டை இந்த விதி கட்டுப்படுத்தாது. சிலர் தாங்களாகவே இந்த வசதியைத் தருகிறார்கள், ஆனால் நிபந்தனையும் அவர்களுடையதே. முன்கூட்டியே சொல்லியிருந்தால் சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தராமலும் இருக்கலாம்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2012-இல் நடைமுறைப்படுத்திய விதி இது. புறப்பட ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். அல்லது, நிறுவனம் பணம் வாங்காமல் அந்தப் பதிவை அதே விலையில் 24 மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். இரண்டில் எதைத் தருவது என்பது நிறுவனத்தின் முடிவு. பணம் திரும்பாது என்று விற்கும் 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டுக்கும் இது உண்டு. அமெரிக்காவுக்கு விமானம் விடும் எமிரேட்ஸ், கத்தார், ஏர் இந்தியா போன்றவற்றுக்கும் பொருந்தும்.

பலர் சறுக்குவது மூன்று இடங்களில். நேரம் பதிவு செய்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது, நள்ளிரவுக் கணக்கு கிடையாது. அடுத்து, விதி ரத்துக்கு மட்டுமே. தேதி மாற்றமோ பெயரெழுத்துத் திருத்தமோ இலவசமாகச் செய்துதர வேண்டும் என்று அதில் இல்லை. மறுத்தால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். அதற்குமுன் இன்றைய விலையைப் பார்த்துவிடுங்கள். கடைசியாக, ரத்துப் பக்கத்தில், பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கும் 'டிராவல் கிரெடிட்' என்ற பொத்தான் முதலில் நிற்கலாம். பணம் கட்டிய கார்டுக்கே திரும்பும் தேர்வைத் தேடி அழுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தர, கிரெடிட் கார்டுக்கு 7 வேலை நாள், மற்ற வழிகளுக்கு 20 நாள் கெடு.

பணம் கட்டியபின் கட்டணத்தை ஏற்றக் கூடாது. அரசு வரி உயர்வு மட்டும் விலக்கு, அதுவும் வாங்கும்போதே சொல்லிச் சம்மதம் பெற்றிருந்தால்தான். பயணக் காப்பீட்டுக் கட்டத்தை நிறுவனமே டிக் செய்து வைப்பதும் தடை.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அந்த ஏழு நாள் வரம்பு. எழவுச் சேதி கேட்டு நாளையே கிளம்புகிறவருக்கு இந்த உரிமை இல்லை. தவறான தேதியை அழுத்திவிட வாய்ப்பு அதிகம் உள்ளவரும் அவரே.

நிறுவனம் இழுத்தடித்தால் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் பெற்றதாகச் சொல்லி, 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். ரத்து செய்த நேரம் தெரியும் மின்னஞ்சலை அதுவரை அழிக்காதீர்கள்.