மாத்திரை அட்டையைக் காட்டியும் ‘இல்லை’ என்று குறித்த காப்புறுதி முகவர்: 14,320 வெள்ளி போயிற்று

நேற்று மாலை வந்த கடிதம் இன்னும் மேசைமீதுதான் கிடக்கிறது. என் கணவரின் இதய ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சைக்குப் பணம் தர இயலாது என்றும், விண்ணப்பத்தில் உயர் ரத்த அழுத்தத்தை மறைத்ததால் தனியார் காப்புறுதிப் பகுதி ரத்து செய்யப்படுகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும், மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவும் ஏற்றது போக, எங்கள் சேமிப்பிலிருந்து போனது 14,320 வெள்ளி. நாங்கள் எதையும் மறைக்கவில்லை.

சென்ற ஆண்டு மகள் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் தலைக்கு விழும் வருமானம் கூடியதால் மருந்தகக் கட்டணத்துக்கு மானியம் தரும் எங்கள் நீல நிறச் சாஸ் அட்டை, புதுப்பிக்கும்போது குறைந்த மானியம் உள்ள பச்சையாக வந்தது; மெடிஷீல்டு லைஃப் சந்தாவுக்குக் கிடைத்த வருமான மானியமும் நின்றது. இனி நோய் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்ற கவலையோடு இருந்த நாள்களில்தான், எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் மேசை போட்டிருந்த அந்த முகவரிடம் போய் உட்கார்ந்தோம்.

தமிழில் பேசினார். என்னை அக்கா என்றும் கணவரை அண்ணே என்றும் கூப்பிட்டார். உடல்நலக் கேள்விகள் வந்தபோது, என் கணவர் சட்டைப் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமீது வைத்து, “ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி” என்றார். முகவர் அதைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தார். பிறகு இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, “கட்டுக்குள் இருக்கிற பிரஷரை எழுத வேண்டியதில்லை அண்ணே, எழுதினால் வீணாக இழுத்தடிப்பார்கள்” என்றார். நான் மறுபடியும் கேட்டேன். “நம் குடும்பத்துக்கு நான் தவறாகச் செய்வேனா அக்கா?” என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, அவர் நீட்டிய டேப்லெட்டில் என் கணவர் விரலால் கையெழுத்திட்டார்.

எல்லாவற்றையும் மெடிசேவிலிருந்தே கட்டலாம் என்று அவர் சொன்னதும் பொய். காப்புறுதியோடு கூடுதலாகச் சேர்க்கும் ரைடருக்கு ரொக்கம்தான் என்பது வங்கிக் கணக்கில் பணம் பிடித்த பிறகே தெரிந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் நெஞ்சுவலி வந்ததும், காப்புறுதி இருக்கிறதே என்று தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் 1 முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்த்தே பாதுகாப்பு தருகிறது. முகவர் உண்மையை எழுதி, தனியார் நிறுவனம் எங்களை மறுத்திருந்தாலும், அல்லது இதய நோயை விலக்கியிருந்தாலும், அரசாங்க மருத்துவமனையின் மானிய வார்டுக்கே போயிருப்போம். இந்த 14,320 வெள்ளி எங்களிடமே இருந்திருக்கும்.

கையெழுத்திடும்வரை ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பியவர், இப்போது “மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா” என்று ஒருமுறை எழுதியதோடு சரி. அவருடைய அலுவலகத்தில் கேட்டால் அவர் வேலையை விட்டுவிட்டாராம், காப்புறுதி நிறுவனத்தைக் கேட்க வேண்டுமாம். நிறுவனத்தைக் கேட்டால் முகவரின் அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். மூன்றாவது முறை பேசிய மேலாளர், “கையெழுத்து உங்களுடையதுதானே?” என்று மட்டும் கேட்டார். ஆறு ஆண்டுகளாகப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) கொடுத்த மருந்துச்சீட்டுகளை வைத்திருப்பவரா நோயை மறைப்பார் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

சலுகை நின்று புதிதாகக் காப்புறுதி தேடுகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். உடல்நலக் கேள்விகளுக்கு நீங்களே பதில் குறியுங்கள். முகவர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். மெடிஷீல்டு லைஃபோடு தனியார் காப்புறுதியையும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டத்தை மறுபரிசீலனை செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விண்ணப்பத்தின் நகலை வரிவரியாகப் படியுங்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள், ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

நான் திங்கட்கிழமை கொடுக்கிறேன். அதுபோன்ற மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர்கள், உங்கள் விண்ணப்பத்தில் என்ன குறித்திருக்கிறது என்று இன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள்.